கறுப்பு வெள்ளை: ஊட்டியிலிருந்து ஒரகடம் வரை

மலருக்குப் பழைய குரூப் போட்டோக்களைத் தேடியபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்தவை பளிச்சென்று இருக்கின்றன. பின்னால் வந்த கலர் பிரிண்டுகளில் முகமெல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. காரணம் எளிது. அது வெள்ளி, இது சாயம். சரியாக ஹைப்போவில் போட்டுக் கழுவிய வெள்ளிப் படம் சுலபத்தில் அழியாது, சாயம் வெளுக்கும்.

நம் மாகாணத்தில் இந்தக் கலைக்கு வயது அதிகம். சென்னையில் போட்டோகிராபிக் சொசைட்டி 1856இலேயே வந்துவிட்டது. அதே ஆண்டு அரசாங்கப் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 1858இல் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல நிறம்தான் நன்றாகத் தெரியும். வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் மனுஷன் நெகட்டிவில் மேகத்தைக் கையால் வரைந்தார்! கடைசியில் கவர்னர் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். பட்ஜெட் வெட்டு அன்றும் இருந்தது.

சீனியர்களுக்கு 'இந்து' ஃபிலிம் ஞாபகம் இருக்கும். ஊட்டியில் 1960இல் தொடங்கி, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடு 1967இல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசு நிறுவனம். ஸ்டூடியோக்காரரின் ப்ரோமைடு பேப்பர், ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா பிரிண்டு என்று எல்லாவற்றுக்கும் அங்கிருந்து சரக்கு வந்தது. கலர் வந்தது, இறக்குமதி வந்தது, கடன் ஏறியது. 1990களின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு நின்றது. மலையில் வேலை பார்த்த குடும்பங்கள் பல ஆண்டுகள் சம்பளத்துக்கும் ஓய்வுத் தொகைக்கும் காத்திருந்தன. அதை யாரும் போட்டோ எடுத்து ஆல்பம் போடவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

இப்போது நம்ம பக்கத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் ஓடத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா வந்து, கேமரா வைத்த போனும் இங்கேயிருந்து பெட்டி பெட்டியாகப் போனது. நம் ஜூனியர்கள் பலர் அங்கே ஷிப்ட் பார்த்தார்கள். 2014 நவம்பரில் அதுவும் மூடியது. சில ஆண்டுகளில் பாக்ஸ்கானில் ஐபோன் தயாராக ஆரம்பித்தது. ஊட்டியில் ஃபிலிம் நின்றது, கேமராவே நம் ஊருக்கு வந்துவிட்டது.

ஆனால் மாணவத் தம்பி தங்கைகளே, "டிஜிட்டலில் என்ன சார் கறுப்பு வெள்ளை? கலரை அழித்தால் போச்சு" என்று கேட்கிறீர்கள். விஷயம் தலைகீழ். கொடாக்கில் ஸ்டீவன் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவே கறுப்பு வெள்ளைதான். எடை ஏறக்குறைய மூன்றரை கிலோ. 100க்கு 100 புள்ளி. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி. இன்றும் சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் மட்டுமே தெரியும். அதன் மேல் பச்சை பாதி, சிவப்பும் நீலமும் கால் கால் என்று வடிகட்டிச் சதுரங்களை வைத்து (1976இல் பிரைஸ் பேயர் உரிமம் பெற்ற ஏற்பாடு) நிறத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. 2012இல் லைக்கா அந்த வடிகட்டி இல்லாமலே ஒரு கேமரா விற்றது. விலையைக் கேட்காதீர்கள்.

நமக்கு இருப்பதே போதும். திரையில் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள், ஆனால் 'ரா' ஃபைலில் எடுங்கள். கலர் விவரம் முழுக்க உள்ளே இருக்கும். பிறகு கம்ப்யூட்டரில் சிவப்பைக் கூட்டினால் நம்ம ஊர் முகம் வெளுத்து மழமழப்பாகும், நெற்றிக் குங்குமம் காணாமல் போகும். நீலத்தைக் கூட்டினால் முகம் கறுத்து ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். முகத்தை வெளுக்க வைக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். இன்னொன்று: ஃபிலிமில் நிழலைக் காப்பாற்று என்பார்கள், டிஜிட்டலில் வெளிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும். பெரியவரின் வெள்ளை வேட்டி ஒருதரம் வெந்துவிட்டால் திரும்ப வராது. ஒரு ஸ்டாப் குறைத்தே எடுங்கள்.

எதை எடுப்பது? ராமானுஜர் பிறந்த ஊரின் ஆதிகேசவப் பெருமாள் கோயில் கல்லை எடுக்கலாம், அது காத்திருக்கும். ஏரிக்கரை, மிச்சமிருக்கும் நெல் வயல், அதிகாலை கம்பெனி பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு நிற்கும் பெண்கள், இவை காத்திருக்காது. ஷிப்ட் முடிந்து இறங்கும்போது கேட்டு, சம்மதம் வாங்கி எடுங்கள். அவர்களுக்கும் ஒரு பிரிண்டு கொடுங்கள். மலர்க் குழுவுக்கும் ஒன்று அனுப்புங்கள், பின்புறத்தில் பென்சிலால் ஊரும் தேதியும் எழுதி.