அவரை விதையின் தழும்பு

திருச்சபையின் ஒப்புதலோடு வெளிவரும் சமய நூல்களின் முதற்பக்கங்களில் 'நிஹில் ஒப்ஸ்தாத்' என்னும் இலத்தீன் தொடரை நாம் கண்டிருக்கிறோம். 'தடை யாதுமில்லை' என்பது அதன் பொருள். 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும் 'நிஹில்' என்னும் சொல்லைப் பிரித்தால், எதிர்மறைச் சொல் ஒன்றும் 'ஹைலம்' என்னும் சிறு சொல்லும் கிடைக்கும்.

ஹைலம் என்பது யாது? உரோமையர் அதனை 'இம்மியளவு' என்னும் பொருளில் வழங்கினர். கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் லுக்ரேசியுஸ் அவ்வாறே ஆண்டுள்ளார். அவருக்குப் பின் வந்த சொல்லாசிரியர் பெஸ்துஸ், அவரையினத்து விதையில் ஒட்டியிருக்கும் சிறுபொருளே அது என்று கருதப்படுவதாகக் குறித்தார். அவரது நூலின் முற்பகுதி அழிந்துபோயிற்று. எனினும், 8-ஆம் நூற்றாண்டில் மோன்தே கசீனோ மடத்துத் துறவி பவுல் தியாக்கோனுஸ் வரைந்த சுருக்கத்தில் இக்குறிப்பு பிழைத்து நம்மை வந்தடைந்தது.

1751-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ், கனியோடு இணைந்திருந்த இடத்தில் விதைமேல் எஞ்சும் தழும்புக்கு இச்சொல்லை வரையறுத்தார். தமிழில் 'விதைத்தழும்பு' என்கிறோம். உடற்கூறியலாரோ சிறுநீரகம், நுரையீரல் முதலிய உறுப்புகளில் இரத்தக் குழாய்கள் புகுந்து வெளிப்படும் இடத்திற்கு இதே பெயரை வழங்குகின்றனர். அவரை விதை வடிவினதான சிறுநீரகத்தில், அதன் உட்குழிவே அவ்விடம்.

ஒரே சொல், இரு பொருள். விதையில் அது முடிந்துபோன உறவின் வடு. உடலில் அது ஓயாத உறவின் வாயில்.

இவ்வாயிலின் அருமையை 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் உலகம் கண்டது. இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து, நோயுற்ற மற்றவருக்கு மருத்துவர் ஜோசப் மர்ரே பொருத்தினார். ஹைலத்தின் வழியே செல்லும் குழாய்களை ஓருடலில் அறுத்து, மற்றோருடலின் குழாய்களோடு இணைத்தனர். பெற்றவர் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஈந்தவர் உடலில் பிரிவின் வடு. பெற்றவர் உடலில் உயிரின் வாயில். ஒரு சொல்லின் இரு பொருளும் அன்று இரு சகோதரரிடம் ஒருசேர விளங்கின.

அவரைக்காயை உரிக்கும்போது விதையின் விளிம்பில் தெரியும் சிறு கீற்றைச் சற்றே நோக்குவோம். 'ஒன்றுமில்லை' என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது அதுவே. தாய்ச்செடி ஊட்டிய உணவெல்லாம் அவ்வழியே வந்தது. பெற்று வளர்ந்தோம் என்பதற்கு நம்மிடமும் அத்தகைய தழும்புகள் உண்டு. அவற்றை அற்பமென்று எண்ணாதிருப்போம்.