காலியான கல்லறை, மறையாத தழும்பு... ஈஸ்டர் சொல்லும் ‘உயிர்ப்பு’ என்றால் என்ன?

பங்குனி பிறந்துட்டா மயிலாப்பூர் களைகட்டிவிடும். பாம்பு கடித்து இறந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி, சாம்பல் இருந்த குடத்திலிருந்து எழுப்பிய நிகழ்வை, கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் நடத்திக் காட்டுவார்கள். பெரும்பாலும் அதே பருவத்தில்தான், கடற்கரைப் பக்கம் இருக்கும் சாந்தோம் பேராலயம் ஈஸ்டருக்குத் தயாராகும். போனவங்க திரும்பி வரமாட்டாங்களா என்ற ஏக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த ஏக்கத்துக்குக் கிறிஸ்தவம் தரும் பதில்தான் ‘உயிர்ப்பு’.

மறுபிறவியா, மறுபடி பிழைப்பதா?

இரண்டும் இல்லை. மறுபிறவியில் உயிர் வேறோர் உடலை எடுக்கிறது. இறந்து நாலு நாளான லாசரை இயேசு எழுப்பியதாக யோவான் நற்செய்தி சொல்கிறது. ஆனால், லாசர் திரும்பியது பழைய வாழ்க்கைக்கு. அவர் மறுபடியும் ஒருநாள் இறந்தாக வேண்டும். இயேசுவின் உயிர்ப்பு, இனி சாவே இல்லாத புது வாழ்வு என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. விதைத்த விதை வேறு, முளைத்து வரும் பயிர் வேறு என்று பவுல் இதை விளக்குகிறார். இந்த உயிர்ப்பு நடக்கவில்லை என்றால் தன் போதனையே வீண் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அதனால்தான் கிறிஸ்மஸைவிட ஈஸ்டர் பெரிய திருநாள்.

சந்தேகப்பட்டவரின் ஊர்

உயிர்த்த இயேசுவை மற்ற சீடர்கள் பார்த்தபோது தோமையார் அங்கே இல்லை. ஆணி பாய்ந்த காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தார். எட்டு நாள் கழித்து வந்த இயேசு, அவரைத் திட்டவில்லை. காயத்தைக் காட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோமையார் உண்மையில் தொட்டாரா என்று யோவான் எழுதவே இல்லை. பார்த்ததுமே விசுவாசத்தை அறிக்கையிட்டுவிட்டார்.

அந்தத் தோமையார் கி.பி. 52-ல் கேரளக் கரைக்கு வந்தார், 72-ல் பரங்கிமலையில் கொல்லப்பட்டார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. அந்தக் கல்லறையின் மேல் 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் தேவாலயம் கட்டினார்கள். இப்போது நாம் பார்க்கும் பேராலயம் 1896-ல் எழுந்தது. தோமையாரின் எலும்புகள் எடெஸ்ஸா நகருக்குப் போய், 1258-ல் இத்தாலியின் ஒர்டோனாவைச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். ஆக, சாந்தோமில் படியிறங்கிப் போய்ப் பார்ப்பதும் ஏறக்குறைய காலியான ஒரு கல்லறையைத்தான்!

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயிர்த்த உடலிலும் தழும்பு அப்படியே இருந்தது. உயிர்ப்பு என்பது நடந்த துயரத்தை அழித்துவிடுவது அல்ல. துயரத்துக்குக் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காமல் இருப்பது. பிள்ளையையோ துணையையோ இழந்தவரிடம் ‘எல்லாத்தையும் மறந்துடுங்க’ என்று சொல்ல ஈஸ்டருக்கு மனசு வராது.

இருட்டில் ஏற்றும் தீ

மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே ஏதாவது ஒரு ஞாயிறு ஈஸ்டர். கத்தோலிக்கக் கோயில்களில் அதற்கு முந்தின சனிக்கிழமை இரவே வழிபாடு தொடங்கிவிடும். விளக்கெல்லாம் அணைந்திருக்க, வெளியே புதுத் தீ மூட்டி பெரிய பாஸ்கா திரியை ஏற்றுவார்கள். அதிலிருந்து ஒருவர் கையிலிருக்கும் மெழுகுவத்தியிலிருந்து அடுத்தவர் ஏற்ற, கோயிலே வெளிச்சமாகும். தவக்காலம் முழுக்கப் பாடாத ‘அல்லேலூயா’ அப்போதுதான் திரும்பி வரும்.

எரிக்கலாமா, புதைக்கணுமா?

சென்னைக் கல்லறைத் தோட்டங்களில் இடம் கிடைப்பது கஷ்டம். பல குடும்பங்கள் ஏற்கெனவே இருக்கும் கல்லறையையே திறந்து, அடுத்தவரை அதில் அடக்கம் செய்கின்றன. ‘உடலை எரித்தால் உயிர்ப்பு உண்டா?’ என்ற கேள்வி இங்கே வெறும் தத்துவம் இல்லை. சாவு வீட்டில் உடனே முடிவெடுக்க வேண்டிய விஷயம். உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் எரிக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே அனுமதித்துவிட்டது. அடக்கம் செய்வதே சிறந்தது என்றும், சாம்பலைத் தூவாமல், பொதுவாக வீட்டிலும் வைக்காமல், கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்றும் 2016-ல் வத்திக்கான் சொன்னது. உயிர் தரும் கடவுளுக்குச் சாம்பல் ஒரு தடையில்லை என்பதே அடிப்படை.

திங்கட்கிழமைக்கு என்ன மிச்சம்?

உயிர்த்த இயேசு அரண்மனைக்குப் போய், தன்னைத் தண்டித்தவர்கள் முன்னால் நின்று ஜெயித்துக் காட்டவில்லை. ராத்திரி முழுக்க வலை வீசியும் மீன் கிடைக்காமல் திரும்பிய சீடர்களுக்காகக் கரையில் கரி மூட்டி, மீன் சுட்டு, காலைச் சாப்பாடு தயார் செய்தார் என்கிறது யோவான் நற்செய்தி. மூன்று முறை தன்னைத் தெரியாது என்று சொன்ன பேதுருவிடம் கணக்குக் கேட்காமல், அதே மூன்று முறை ‘என்மேல் அன்பு உண்டா?’ என்று கேட்டு, மறுபடி பொறுப்பைக் கையில் கொடுத்தார்.

அன்றாட வாழ்க்கையில் உயிர்ப்புக்கு அர்த்தம் இவ்வளவுதான்: வெறுங்கையோடு வருபவருக்குச் சாப்பாடு, தப்பு செய்தவருக்கு இன்னொரு வாய்ப்பு, சந்தேகப்படுபவரை விரட்டாத பொறுமை. சாந்தோம் கரையில் விடிகாலையில் படகுகள் திரும்புவதைப் பார்த்தவங்களுக்கு இந்தக் காட்சி புதுசா இருக்காது. பேசாமல் விட்டுப்போன ஓர் உறவு உங்களுக்கு இருந்தால், இந்த ஈஸ்டருக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்களேன்!