பிரிண்ட் வருது, ஸ்கேன் வரலை

இன்னைக்கு எபிசோட்ல மன்னர் இல்லை, போர் இல்லை. ஒரு பிரிண்டர் இருக்கு. பிரிண்டரும் ஸ்கேனரும் ஒரே பெட்டிக்குள்ள வர்ற ஆல்-இன்-ஒன் மெஷினை லினக்ஸ் கம்ப்யூட்டர்ல மாட்டினவங்க பலருக்கு இந்த அனுபவம் இருக்கும்: பிரிண்ட் வந்துரும், ஸ்கேன் வராது. ஏன் இப்படி? நாற்பது வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும்.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. வேகமான மெஷின், ஆனா பேப்பர் சிக்கிக்கும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அதுக்கு முந்தைய பிரிண்டர்ல ஒரு வசதி செஞ்சு வெச்சிருந்தார். பேப்பர் சிக்கினா, பிரிண்டுக்குக் காத்திருக்கிறவங்க திரையில தகவல் வரும்; யாராவது எழுந்து போய்ச் சரி பண்ணிடுவாங்க. புது மெஷின்லயும் அதைச் செய்யலாம்னா, சோர்ஸ் கோடு தரலை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ஒருத்தர்கிட்ட அது இருக்குன்னு தெரிஞ்சு நேர்லயே போய்க் கேட்டார். வெளியே தர மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்னு அவர் மறுத்துட்டார். ஸ்டால்மன் பின்னாடி பல மேடையில சொன்ன கதை இது. 1983 செப்டம்பர்ல குனு திட்டத்தை அறிவிச்சார். இன்னைக்கு நாம லினக்ஸ்னு கூப்பிடுறதுல பெரும் பங்கு அங்கேர்ந்து வந்ததுதான்.

வேடிக்கை என்னன்னா, பிரிண்டர் தகராறுல பிறந்த இயக்கம் ரொம்ப நாள் பிரிண்டர்கிட்டயே மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு.

1994-ல ஹெச்பி ஆபீஸ்ஜெட் வந்தது. பிரிண்ட், ஃபேக்ஸ், காப்பி மூணும் ஒரே பெட்டியில. வாங்குறவருக்கு அது ஒரு மெஷின். லினக்ஸ் கண்ணுக்கு ரெண்டு. பிரிண்ட் பக்கத்தைப் பார்த்துக்கிற மென்பொருள் பேரு கப்ஸ். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-ல வெளியிட்டார். ஆப்பிள் 2002-ல அதை மேக்குக்குள்ள சேர்த்து, 2007-ல கோடையே விலைக்கு வாங்குச்சு. அதனால அந்தப் பக்கம் காசும் ஆளும் இருந்தது. ஸ்கேன் பக்கத்துக்கு சேன்னு தனியா ஒரு திட்டம், பெரும்பாலும் தன்னார்வலர்கள் ஓட்டினது. ஒரு கேபிள்ல வர்ற ஒரே மெஷினுக்கு ரெண்டு வீட்டு ஆளுங்க பொறுப்பு. காப்பி பட்டனை அமுக்கினா கம்ப்யூட்டரே இல்லாம ஜெராக்ஸ் வந்துரும். மெஷின் நல்லாத்தானே இருக்குன்னு குழப்பம் வேற.

இதே காலத்துல தமிழ்நாடு என்ன பண்ணிட்டிருந்துச்சு? 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறுச்சு. அதே வருஷம் சென்னை சி-டாக் 'பாஸ்' லினக்ஸைக் கொண்டு வந்தது. 2011 செப்டம்பர்ல தொடங்கின இலவச லேப்டாப்கள்ல விண்டோஸோட பாஸும் இருந்தது. (உங்கள்ல சிலர் கையில அந்த லேப்டாப் இருந்திருக்கும். பாஸை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா?) என் கணிப்புல, நம்ம ஊர்ல லினக்ஸ் சறுக்கின ஒரு இடம் மேசை மேல ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பிரிண்டர். ஹெச்பி லேசர்ஜெட் 1020-ஐ எடுத்துக்கங்க. ஆபீஸ், கடைன்னு எங்கேயும் பார்த்திருப்பீங்க. அதோட ஃபர்ம்வேர் மெஷினுக்குள்ள தங்காது. ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போடும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்பணும். ஹெச்பியோட லினக்ஸ் டிரைவர் ஓப்பன் சோர்ஸ்தான். ஆனா இந்த மாதிரி மாடலுக்கு மேற்கொண்டு ஒரு மூடின பிளக்-இன் இறக்கணும். கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல இதை யோசிச்சுப் பாருங்க.

அப்படி ஒரு ஊர் நாகலாபுரம். தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் தாலுகா, கோவில்பட்டி பக்கத்துக் கரிசல். மானாவாரி மக்காச்சோளம், உளுந்து, பாசி, மிளகாய். மழை ஏமாத்தினா பயிர் காப்பீடுதான் கதி. அதுக்கு அடங்கல், பேங்க் பாஸ்புக், ஆதார் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்தணும். கடைசி தேதி நெருங்க நெருங்க கடை வாசல்ல வரிசை நிக்கும்.

அங்கே எனக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சுது. அவரோட பழைய கம்ப்யூட்டர் 11-ஐ ஏத்துக்காது. லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பிரிண்டர் தானா வந்துருச்சு.

"தம்பி, பிரிண்ட் வருது, சரி. அடங்கலை எப்படிப்பா ஏத்துறது?"

டெர்மினல்ல தேடினா, அட்மின் உரிமையோட பார்க்கும்போது ஸ்கேனர் தெரியுது. அண்ணாச்சி கணக்குல தெரியலை. அப்போ டிரைவர் இருக்கு, அனுமதிதான் இல்லை. அவர் கணக்கை 'ஸ்கேனர்', 'எல்பி' ரெண்டு குழுவுலயும் சேர்த்து, வெளியே போய்த் திரும்ப லாகின் பண்ணினோம். ஸ்கேனர் பட்டியல்ல வந்துருச்சு. அந்தப் பத்து வருஷ மெஷினுக்கு டிரைவர் எழுதி வெச்ச தன்னார்வலர் யாரோ, எந்த நாட்டுக்காரரோ.

புது மெஷின்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. அதைத் தீர்த்து வெச்சது போன்! 2010 நவம்பர்ல ஆப்பிள் ஏர்பிரிண்ட் கொண்டு வந்தது. ஐபோன்ல மாடலுக்கு ஒரு டிரைவர் போட முடியாது, அதனால பிரிண்டர்களே ஒரு பொது மொழி பேச வேண்டியதாச்சு. ஸ்கேனுக்கும் அதே மாதிரி ஒண்ணு வந்தது. லினக்ஸ்காரங்க அந்த மொழியைக் கத்துக்கிட்டாங்க. 2021-ல வந்த டெபியன் 11-லேர்ந்து யூ.எஸ்.பி. கேபிள்லயும் அது ஓடுது. அதனால புதுசா வாங்கப் போறீங்கன்னா கடையில ரெண்டு கேள்வி கேளுங்க: ஏர்பிரிண்ட் இருக்கா? போன்லேர்ந்து ஆப் எதுவும் போடாம பிரிண்ட் போகுமா?

அண்ணாச்சிக்கு நான் எழுதிக் கொடுத்துட்டு வந்தது வேற: 150 டி.பி.ஐ., கறுப்பு-வெள்ளை, பி.டி.எஃப். அதுக்கு மேல போனா ஃபைல் பெருசாயி, அப்லோட் ஆகாம வரிசை அப்படியே நிக்கும்.