தலையெழுத்து

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நான் எழுதிய மின்னஞ்சலை, அனுப்புவதற்கு முன் மேலதிகாரி ஒருமுறை பார்த்தார். சர்வர், ரிப்போர்ட், எரர், மண்டே என்று முக்கியமாகப் பட்ட எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தேன். மண்டே மட்டும் தப்பித்தது. "தமிழ் மீடியமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பல மாதங்கள் ஒவ்வொரு மின்னஞ்சலையும் நாலு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

கடலூரில் நாங்கள் ஆங்கிலம் எழுதப் பழகியது நாலு கோடு நோட்டில். பெரிய ஏபிசிடி, சின்ன ஏபிசிடி என்று இரண்டு வரிசை. ஆள் பெயருக்கும் ஊர் பெயருக்கும் பெரிய எழுத்து போடணும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தமிழில் அப்படி ஒன்று இல்லாததால் நானே ஒரு காரணம் செய்துகொண்டேன்: பெரிய விஷயத்துக்குப் பெரிய எழுத்து.

இதே காரணத்தோடு எழுதியவர்கள் எனக்கு முன்பே எங்கள் ஊரில் இருந்திருக்கிறார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. அந்தக் காலத்துக் கம்பெனிக் கடிதங்களைப் படித்தால் வாக்கியத்தின் நடுவே துணி, கப்பல், வியாபாரி எல்லாம் பெரிய எழுத்தில் தலை நிமிர்ந்து நிற்கும். ஒழுங்கும் கிடையாது. ஒரு வரியில் பெரிதாக இருக்கும் சொல் அடுத்த வரியில் சிறிதாக இருக்கும். எழுதியவர்கள் இங்கிலாந்தில் பிறந்து ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள். கம்பெனியின் கடைநிலைப் பதவிக்கே 'ரைட்டர்' என்றுதான் பெயர். நம் காவல் நிலையங்களில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1744ல் சென்னைக்கு ரைட்டராக வந்த ராபர்ட் கிளைவ், 1746ல் அந்த நகரம் பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்ததும் தப்பி ஓடிவந்தது இந்தக் கோட்டைக்குத்தான்.

1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனிக்குத் தலைமையிடம் கடலூர். கேப்பிட்டல் என்ற சொல்லுக்கு வேர், தலையைக் குறிக்கும் லத்தீன் சொல். தலைநகருக்கும் அதே சொல், தலையெழுத்துக்கும் அதே சொல்.

ரோமானியக் கல்வெட்டுகளில் இருப்பது பெரிய எழுத்து மட்டும்தான். கையால் வேகமாக எழுதும்போது உருவம் மாறி மாறிச் சின்ன எழுத்துகள் பிறந்தன, கி.பி. 800 வாக்கில், சார்லமேன் காலத்தில், அவை சீரான வடிவம் பெற்றன. அச்சுக்கூடத்தில் பெரிய எழுத்துகளை மேல் பெட்டியிலும் சின்ன எழுத்துகளை எட்டும் தூரத்தில் கீழ் பெட்டியிலும் வைத்தார்கள். நாங்கள் இன்றும் சொல்லும் அப்பர் கேஸ், லோயர் கேஸ் அந்தப் பெட்டிகள்தான். கணினியில் பெரிய 'ஏ' 65, சின்ன 'ஏ' 97. இரண்டுக்கும் வித்தியாசம் 32.

பெயர்ச்சொற்களுக்கெல்லாம் பெரிய எழுத்து போடும் வழக்கம் 18ம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலத்தில் தேய்ந்தது. 1787ல் கையால் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில்கூட அது இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. அங்கே கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் தங்கள் மொழியில் இதைக் கைவிட்டது 1948ல்தான். ஜெர்மன் மொழி இன்னும் விடவில்லை. ஆக, இது அறிவு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. எந்த ஊர், எந்த வருஷம் என்பதுதான் விஷயம்.

நம் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. வாக்கியம் முடிந்ததை வினைமுற்று சொல்லிவிடும். மரியாதையும் அங்கேதான்: வந்தான், வந்தார். ஆங்கிலம் தலையில் வைக்கும் அடையாளத்தை நாம் வாலில் வைத்திருக்கிறோம். தமிழில் 'பெரிய எழுத்து' என்றால் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை மாதிரியான புத்தகங்கள்தான். அங்கே எல்லா எழுத்துமே பெரிசு, எந்தச் சொல்லுக்கும் தனிப் பதவி இல்லை.

இதெல்லாம் தெரிந்ததால் விதியை மீறலாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைய விதிப்படி எழுதாவிட்டால் வேலை கிடைக்காது. ஆனால் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நான் முட்டாள் இல்லை சார், ஒரு முந்நூறு வருஷம் லேட், அவ்வளவுதான்.

போன மாதம் சிதம்பரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் நாலு கோடு நோட்டில் மாம்பழத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதியிருந்தாள். ஐந்திலும் மாம்பழத்துக்குப் பெரிய எழுத்து. திருத்தச் சொல்லிவிட்டு, தேவனாம்பட்டினத்து ரைட்டர்கள் கதையையும் சொன்னேன்.

"அப்ப அவங்களுக்கு யாரு சித்தப்பா சிவப்பு மையில சுழிச்சாங்க?"

"யாரும் சுழிக்கலை."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து நாலு மாம்பழத்தைச் சின்னதாக்கினாள். வாக்கியத்தின் முதல் சொல்லாக இருந்த ஐந்தாவதை அப்படியே விட்டுவிட்டாள். அது சரிதான்.