பாட்டை நிறுத்துறது யாரு?

சியர்லீடிங்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு தெரியும். 2008-ல் ஐ.பி.எல். ஆரம்பிச்சப்போ, பவுண்டரிக்கு பவுண்டரி எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துல ஆடின பொண்ணுங்க. அப்ப நான் அஞ்சாங்கிளாஸ். அந்தக் காட்சி வந்தா எங்க வீட்ல ரிமோட் அப்பா கைக்குப் போயிடும் :)

போன வருஷம் ஆன்சைட்னு டல்லாஸ்ல கொண்டு போய்ப் போட்டாங்க. எங்க டீம்ல ஒரு அண்ணன். பொண்ணுக்கு 12 வயசு. "ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு சியர் போட்டி இருக்கு, ரூம்ல தூங்காம வாடா"ன்னார். சும்மா டான்ஸ்தானேன்னு போனேன். அங்க போய்த்தான் தெரிஞ்சது, இது நான் நினைச்ச மேட்டரே இல்லைன்னு.

ஆட்டம் ரெண்டரை நிமிஷம்தான். அதுக்குள்ள பல்டி, குதி, ஒரு பொண்ணை நாலு பேர் தூக்கி வீசிப் பிடிக்கிறது, பிரமிடு எல்லாம். மேலே போறவங்க பேரு ஃப்ளையர். கீழே தாங்குறவங்க பேஸ். விழுந்தா பிடிக்க கையை ஏந்திக்கிட்டு நிக்கிறவங்க ஸ்பாட்டர். நம்ம பாப்பா பேஸ். ஒரு நிமிஷம் போயிருக்கும், மேலேருந்து இறங்கின ஃப்ளையரோட முழங்கை பாப்பா நெத்திப்பொட்டுல 'ணங்'குன்னு இடிச்சது. பாப்பா சிரிப்பை விடலை. அடுத்த தூக்குக்கும் போயிட்டா. திடீர்னு அவங்க கோச் கையைத் தூக்கினாங்க. பாட்டு நின்னுடுச்சு. மத்த பசங்க எல்லாம் அப்படியே ஒத்தை முழங்காலை ஊனி உக்காந்துட்டாங்க. அரங்கமே அமைதி.

பக்கத்துல அண்ணன், "ஐயோ, நல்லாத்தானடா இருக்கா, ஏன் நிறுத்துறாங்க"ன்னார். உண்மையைச் சொல்லணும்னா நானும் மனசுக்குள்ள அதையேதான் சொன்னேன்.

அந்தக் கை ஏன் தூக்கப்பட்டதுன்னு தெரிஞ்சுக்க, ரூமுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். தேடினது ஒரு வாரத் தூக்கத்தைத் தின்னுடுச்சு. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

தொண்டை கட்டின காலம்

1898, நவம்பர் 2. மினசோட்டா பல்கலைக்கழகத்தோட ஃபுட்பால் அணி தொடர்ந்து தோத்துக்கிட்டு இருந்தது. ஜானி கேம்ப்பெல்னு ஒரு மாணவர் கூட்டத்துக்கு முன்னாடி வந்து நின்னு, எல்லாரையும் ஒரே குரல்ல கத்த வெச்சார். சியர்லீடிங் பிறந்த நாளா இதைத்தான் சொல்றாங்க. ஆமா, தொடங்கி வெச்சது ஆம்பளைங்க! பொண்ணுங்களை மினசோட்டாவில் சேர்த்துக்கிட்டதே 1923-ல்தான். ரெண்டாம் உலகப்போருக்கு ஆண்கள் போனப்போ, அந்த இடத்தை எல்லா ஊர்லயும் பொண்ணுங்க நிரப்பினாங்க.

1948-ல் லாரன்ஸ் ஹெர்க்கிமர்னு ஒருத்தர் டெக்ஸஸ்ல சியர்லீடிங்குக்குன்னு பயிற்சி முகாம் நடத்தினார். இன்னிக்கும் 'ஹெர்க்கி'ன்னு அவர் பேர்ல ஒரு குதி உண்டு. இந்தக் காலம் வரைக்கும் அதிகபட்சக் காயம் தொண்டை கட்டுறது, கால் சுளுக்குறது, அவ்வளவுதான். யாரும் ஆகாயத்துக்குப் போகலையே!

1972-ல் டைட்டில் 9 சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்குற கல்வி நிறுவனங்கள்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கிற சட்டம். அதனால பொண்ணுங்களுக்கு கூடைப்பந்து, ஓட்டம்னு நிறைய கதவு திறந்தது. ஓரமா நின்னு கைதட்டுறதை விட, உள்ளே இறங்கி விளையாடலாமேன்னு போனாங்க. சியர்லீடிங்கும் மாற வேண்டியதாச்சு. 1974-ல் ஜெஃப் வெப் தொடங்கின அமைப்பு ஜிம்னாஸ்டிக்ஸ், தூக்கு, வீச்சுன்னு உடல் திறமையை முன்னாடி கொண்டு வந்தது. எண்பதுகள்ல போட்டிகள் ஈ.எஸ்.பி.என். டிவிக்கு வந்துடுச்சு. டிவிக்கு உயரம் பிடிக்கும். பிரமிடு வளர்ந்துக்கிட்டே போச்சு.

அதைப் பிடிக்குற கைகளுக்கு யார் பயிற்சி கொடுத்தாங்கன்னு கேட்டா, பல ஊர்ல பதிலே இல்லை. பாடம் நடத்திட்டு சாயங்காலம் சும்மா இருக்குற டீச்சர் யாரோ, அவங்கதான் கோச்!

1986

அந்த வருஷம் அமெரிக்காவில் பிரமிடு சம்பந்தமான ரெண்டு விபத்து. ஒரு கல்லூரி மாணவி இறந்து போனாங்க. இன்னொருத்தருக்கு உடம்பு செயலிழந்து போச்சு. பல பள்ளி, கல்லூரிகள் பிரமிடுக்குத் தடையோ உயர வரம்போ போட்டது அதுக்கு அப்புறம்தான். 1987-ல் கோச்சுகளுக்குன்னு ஏ.ஏ.சி.சி.ஏ. என்ற சங்கம் வந்தது. 1990-ல் அவங்க பாதுகாப்புக் கையேடு போட்டாங்க. 1898-லேருந்து கணக்குப் போட்டா, எப்படி விழாம இருக்கணும்னு எழுதி வைக்க 92 வருஷம்!

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கடுமையான விளையாட்டுக் காயங்களை மட்டும் கணக்கெடுக்குற ஒரு மையம் 1982-லேருந்து இருக்கு. சாவு, நிரந்தர ஊனம், மண்டை, முதுகெலும்பு முறிவு மாதிரி விஷயங்கள் மட்டும்தான் அவங்க கணக்கு. உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு நடந்ததை கால் நூற்றாண்டு கூட்டிப் பார்த்தப்போ, ஏறக்குறைய 65 சதவீதம் சியர்லீடிங்! சின்னக் காயங்களைக் கணக்குல எடுத்தா மத்த விளையாட்டுகளை விட இது ஒண்ணும் மோசம் இல்லை. ஆனா விழுந்தா பெரிய விழுக்காடு. சியர் காயத்தோட மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்தவங்க 1980-ல் சுமார் 5,000 பேர். 2007-ல் 26,000-க்கும் மேல.

ஸ்ட்ரெச்சர்ல ஆடின கைகள்

2006, மார்ச் 5. செயின்ட் லூயிஸ் நகரத்துல ஒரு கல்லூரிக் கூடைப்பந்து இறுதிப் போட்டி. டைம்-அவுட் நேரத்துல சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழக சியர் அணி பிரமிடு கட்டினாங்க. உச்சியில் இருந்த 18 வயசுப் பொண்ணு சுமார் 15 அடியிலேருந்து தலைகுப்புற மரத்தரையில் விழுந்தது. பாய் கிடையாது. கழுத்தெலும்பில் விரிசல், மூளை அதிர்ச்சி, நுரையீரல்ல அடி.

கழுத்தை அசைக்காம கட்டி ஸ்ட்ரெச்சர்ல வெளியே தள்ளிக்கிட்டுப் போறாங்க. அந்த நேரம் கல்லூரி பேண்டு அவங்க பாட்டை வாசிக்குது. படுத்த படுக்கையா அந்தப் பொண்ணு ரெண்டு கையையும் தூக்கி பாட்டுக்கு அசைவு போடுது!

அரங்கமே எழுந்து நின்னு கைதட்டினது. நாடு முழுக்க டிவியில திரும்பத் திரும்பப் போட்டாங்க. வீரம், அர்ப்பணிப்புன்னு பாராட்டு. நல்லவேளை, அந்தப் பொண்ணு தேறி வந்துட்டாங்க. நானும் அந்த வீடியோவைப் பார்த்தேன். முதல் தடவை புல்லரிச்சது. மூணாவது தடவை பயமா இருந்தது. கழுத்தெலும்பு உடைஞ்சிருக்கலாம்னு கட்டி வெச்ச ஒருத்தர் கையை ஆட்டுறதைப் பார்த்து இத்தனை ஆயிரம் பேர் கைதட்டுறோமே. அவங்களுக்குச் சின்ன வயசுலேருந்து சொல்லிக் கொடுத்த முதல் பாடம் என்ன? என்ன ஆனாலும் சிரி, நிறுத்தாதே. அந்தப் பாடம் ஸ்ட்ரெச்சர் வரைக்கும் கூட வந்திருக்கு.

இதுக்கு அப்புறம்தான் நிர்வாகங்கள் முழிச்சுக்கிச்சு. கூடைப்பந்து மரத்தரையில் பாய் இல்லாம உயர பிரமிடு கூடாது, வீசக்கூடாதுன்னு கட்டுப்பாடு. பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கின கோச் கூட இருந்தாத்தான் பெரிய காயங்களுக்குக் காப்பீடுன்னு கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. சொல்லிடுச்சு.

2008 ஏப்ரல்ல மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டர்ல ஒரு போட்டி. ஆட்டத்துக்கு நடுவுல கூட ஆடினவரோட கால் தற்செயலா ஒரு 20 வயசுப் பொண்ணோட நெஞ்சுல பட்டுடுச்சு. நுரையீரல் சுருங்கிப் போச்சு. காப்பாத்த முடியலை. உயரத்துலேருந்து விழவே இல்லை, கவனிங்க. ஆபத்து உயரத்துல மட்டும் இல்லைன்னு அன்னிக்கு எல்லாருக்கும் உறைச்சது.

இது விளையாட்டா, இல்லையா?

இங்கதான் எனக்குத் தலை சுத்துச்சு. விஸ்கான்ஸின்ல ஒரு பள்ளி மாணவி பயிற்சியில இன்னொருத்தர் தோள்லேருந்து பின்பக்கமா விழுந்து தலையில அடி. பிடிக்க வேண்டிய ஸ்பாட்டர் பின்னாடி இல்லை, பாயும் இல்லை. வழக்குப் போட்டாங்க. 2009-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், சியர்லீடிங்கும் ஒருத்தர் மேல ஒருத்தர் இடிச்சு ஆடுற விளையாட்டு மாதிரிதான், அதனால கூட ஆடினவரோட கவனக்குறைவுக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

அடுத்த வருஷமே கனெக்டிகட் மாநிலத்துல இன்னொரு வழக்கு. குவின்னிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபாலை எடுத்துட்டு சியர் அணியை வெச்சுக்குறோம்னாங்க. டைட்டில் 9 கணக்குக்கு சியர் இன்னும் விளையாட்டு ஆகலை, முறையா வளரலைன்னு 2010-ல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பு. 2012-ல் மேல்முறையீட்டிலும் அதே.

ரெண்டும் வேற வேற சட்டக் கேள்விதான், ஒத்துக்குறேன். ஆனா அடிபட்ட பொண்ணு பக்கத்துலேருந்து பாருங்க. நஷ்ட ஈடு கேட்டா, இது விளையாட்டு. அங்கீகாரம் கேட்டா, இது விளையாட்டு இல்லை!

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லைங்க. பள்ளியில 'விளையாட்டு'ன்னு முத்திரை இருந்தாத்தான் பயிற்சி பெற்ற கோச், மைதானத்துல மருத்துவ உதவியாளர், நல்ல தரை, காயக் கணக்கு எல்லாம் கிடைக்கும். 2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதையேதான் அறிக்கையா சொன்னாங்க. இதை விளையாட்டுன்னு அறிவிங்க. கெட்டித் தரையில, ஈரத்துல ஸ்டண்ட் வேண்டாம். பிரமிடு ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல போக வேண்டாம். தலையில அடின்னு சந்தேகம் வந்தாலே உடனே வெளியே கூட்டிட்டு வாங்க, மருத்துவர் எழுத்துல கொடுக்காம திரும்ப இறக்காதீங்க. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சியர் கூட்டமைப்புக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது 2021-ல்.

நிறுத்துற விதி

இப்ப அந்த கோச் தூக்கின கைக்கு வருவோம். அமெரிக்கப் போட்டிகள்ல இருக்குற விதி இது. காயத்துக்காக ஆட்டத்தை நிறுத்தும் உரிமை மூணு பேருக்கு: போட்டி அதிகாரிகள், அந்த அணியோட கோச், அடிபட்டவர். அடிபட்டவர் திரும்ப ஆடணும்னா அங்க இருக்குற மருத்துவக் குழு, பெற்றோர், கோச் எல்லாரும் சரின்னு சொல்லணும். தலையில அடின்னு சந்தேகம்னா அன்னிக்கு கதை முடிஞ்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த பகுதி. அணிக்கு மறு வாய்ப்பு கொடுத்தா, முதல்லேருந்து முழுசா ஆடணும். ஆனா எங்க நின்னுதோ அங்கேருந்துதான் மார்க். அதுக்கு முன்னாடி போட்ட மார்க் அப்படியே இருக்கும். நம்ம பேட்ச் ஜாப் பாதியில விழுந்தா செக்பாயிண்ட்லேருந்து ரீஸ்டார்ட் பண்றோமே, அதேதான்! நிறுத்தினா தோத்துடுவோம்னு இருந்தா எந்தக் குழந்தையும் கை தூக்காது, எந்த கோச்சும் யோசிப்பாங்க. அந்தப் பயத்தையே விதி எடுத்துடுச்சு.

2020-ல் வந்த நெட்ஃபிளிக்ஸ் 'சியர்' தொடரைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். 2019 டேடோனா போட்டியில டெக்ஸஸ் நவாரோ கல்லூரி அணியில ஒருத்தருக்கு ஆட்டத்தோட ஆரம்பத்துலயே காலில் அடி. நிறுத்தினாங்க. மாற்று ஆள் வந்தார். திரும்ப ஆடினாங்க. பட்டமும் ஜெயிச்சாங்க.

நம்ம பாப்பாவை அன்னிக்குத் திரும்ப இறக்கலை. மருத்துவக் குழு கேட்ட கேள்விக்குத் தேதியை மாத்திச் சொன்னாளாம். அணி வேற ஆளை வெச்சு ஆடி நாலாவதா வந்தது. கார்ல வரும்போது அண்ணன் ஒரு வார்த்தை பேசலை. அண்ணிதான் ஐஸ் பேக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு அவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பாப்பா சோபாவுல உக்காந்து என்கிட்ட கேட்டா, "சித்தப்பா, நான் கடைசி வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன், கோச் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

அண்ணன்தான் பதில் சொன்னார். அவர் கோச்சைத் தனியாப் பார்த்து இதையே கேட்டிருக்கார். "எட்டு எண்ணுறதுல நீ அரை எண்ணிக்கை லேட்டா காலை வெச்சியாம் கண்ணு. அவங்க உன் முகத்தைப் பார்க்கவே இல்லையாம்."

டிஸ்கி: நான் மருத்துவரும் இல்லை, கோச்சும் இல்லை, சாதா பொட்டி தட்டுற ஆள். உங்க வீட்டுக் குழந்தைங்க எந்த விளையாட்டுல இருந்தாலும் சரி, "உங்க கிரவுண்ட்ல ஆட்டத்தை நிறுத்துற உரிமை யாருக்கு?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.