ஓடந்துறை உலை ஏன் நின்றது?

குப்பையை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கலாம் என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியின் கதையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 2003-இல் அங்கே குடிநீர் இறைக்க 9 கிலோவாட் வாயுவாக்கிக் கலன் நிறுவினார்கள். மரக்கழிவைக் காற்று போதாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அதிலுள்ள தாரை வடிகட்டி, வாயுவை எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டும். மின்செலவு குறைந்தது. ஆனால் கழிவுக்குக் கிராக்கி வந்ததும் அது கழிவாக இல்லை. விலை ஏறியது, கலன் நின்றது. 2006-இல் ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஆக, இந்த உலைகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தீனிதான்.

அதுவும் காய்ந்த, ஒரே சீரான மரத்துண்டுக்கே இந்தக் கதி என்றால், ஈரமும் மண்ணும் கலந்த ஊர்க்குப்பைக்கு என்ன சொல்வது? 1987-இல் டெல்லி திமார்பூரில் கட்டிய எரிப்பு ஆலை, குப்பையில் வெப்பம் போதாமல் சில வாரங்களிலேயே மூடப்பட்டது. ஜப்பானில் 1979-இல் கமைஷியில் தொடங்கிய, குப்பையை உருக்கும் உலை முறை நிலைத்ததே என்பார்கள். உண்மைதான், அங்கே கற்கரியும் (கோக்) சேர்த்துப் போடுகிறார்கள், அந்தச் செலவையும் தாங்குகிறார்கள். செஞ்சிப் பக்கத்து அரிசி ஆலை உமிக்கு வாயுவாக்கும் முறை பொருந்தலாம். அதே பக்கத்துச் சிங்கவரம் போன்ற சிற்றூரின் ஈரக்குப்பைக்கு உரக்குழியே போதும்.