கம்பம் பள்ளத்தாக்கில் காளை அடக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் காளை அடக்கம் என்பது, கோயில் மாடாகவோ வீட்டுக் காளையாகவோ வளர்ந்து இறந்த விலங்கை, மனிதருக்குச் செய்யும் மரியாதைகளோடு மண்ணில் புதைக்கும் வழக்கம் ஆகும். தேனி மாவட்டத்தின் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதிகளில் இவ்வழக்கம் இன்றும் உள்ளது. மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிலும் சல்லிக்கட்டுக் காளைகளை இவ்வாறு அடக்கம் செய்கிறார்கள். ஆயினும் கம்பத்தில் இதற்குத் தனி வரலாறு உண்டு. அதன் நடுவில் இருப்பது தம்பிரான் மாட்டுத் தொழு.

தம்பிரான் மாடுகள்

கம்பம் நகரில் உள்ள நந்தகோபாலன் கோயில் பெயரளவில்தான் கோயில். உண்மையில் அது ஒரு மாட்டுத் தொழு. அங்கே நிற்கும் மாடுகளே வழிபாட்டுக்கு உரியவை. பழைய ஆவணங்களில் காப்பிலியர் என்றும் இன்று ஒக்கலிகர் என்றும் குறிக்கப்படும், கன்னடம் பேசும் உழவர் சமூகத்தினர் இத்தொழுவைப் பேணி வருகிறார்கள். கன்னட நாட்டிலிருந்து தெற்கே இடம்பெயர்ந்தபோது தங்களோடு ஓட்டி வந்த மாடுகளின் வழிவந்தவையே இவை என்பது அவர்களுடைய மரபுச் செய்தி. கன்னடத்தில் 'தேவரு ஆவு', தமிழில் 'தம்பிரான் மாடு'. இரண்டுக்கும் இறைவனுக்கு உரிய மாடு என்பதே பொருள்.

1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இம்மந்தையைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட, தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் இச்செய்தி இடம்பெற்றது. மந்தைக்குத் தலைமை தாங்கும் காளைக்குப் 'பட்டத்துக்காளை' என்று பெயர். அரசனுக்குரிய சொல்லை மாட்டுக்கு வழங்குவது வெறும் செல்லத்தால் அன்று. அக்காளை எவருடைய உடைமையும் இல்லை, ஏரில் பூட்டப்படுவதில்லை, விலைக்குப் போவதுமில்லை. மாட்டுப் பொங்கல் நாளில் சுற்றுவட்டார உழவர்கள் கரும்பு, வாழைப்பழம், அகத்திக்கீரையோடு வந்து அதை வணங்குகிறார்கள். அந்நாளில் தங்கள் வீட்டில் பிறக்கும் கன்றைத் தொழுவுக்கு விட்டுவிடுவதாக நேர்ந்துகொள்வோரும் உண்டு.

உழவு மாடு இறந்தால் தோலுக்கு ஒரு விலை இருந்தது. தம்பிரான் மாட்டை எவரும் விலை பேச முடியாது. உயிரோடு இருக்கும்போது விற்கக்கூடாத விலங்கை இறந்த பிறகு மட்டும் எப்படி விற்பது? தொழுவில் இறக்கும் மாடு மண்ணுக்குப் போவதன் காரணம் இதுவே.

நடுகல்லும் காளை அடக்கமும்

மாடு தொடர்பான சாவுக்கு நினைவுச்சின்னம் எழுப்பும் வழக்கம் இம்மாவட்டத்தில் மிகப் பழையது. ஆண்டிப்பட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தனர். அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது. அந்தக் கூடல் ஊரைப் பள்ளத்தாக்கின் தலைப்பில் உள்ள இன்றைய கூடலூராகக் கொள்வோர் உண்டு.

இக்கல்லைக் காட்டி, காளை அடக்கம் ஈராயிரம் ஆண்டு மரபு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது மிகை. புலிமான்கோம்பைக் கல் மாட்டுக்கு நட்டதன்று. மாட்டின் பொருட்டு மாண்ட மனிதனுக்கு நட்டது. விலங்குக்கே நினைவுக்கல் எடுத்ததற்குச் சான்று வேண்டுமானால் வட தமிழகத்துக்குத்தான் போக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல்லில், எருமைகளைக் காத்து இறந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாயின் பெயரும், கள்வனைக் கடித்து அது காவல் நின்ற செய்தியும் கல்லில் உள்ளன. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்கே கல் எடுத்திருக்கிறார்கள். ஆகவே, பழகிய விலங்கின் சாவைப் பெயர் சொல்லிப் பதிவுசெய்வது தமிழர்க்குப் புதிதன்று என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அடக்கம் நடைபெறும் முறை

பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி போன்ற சல்லிக்கட்டு ஊர்கள் இப்பகுதியில் இருப்பதால் கோயில் காளைகளும் வளர்ப்புக் காளைகளும் இங்கு மிகுதி. காளை இறந்ததும் உடலைக் குளிப்பாட்டி மஞ்சளும் சந்தனமும் பூசுவார்கள். கொம்புக்கு வேட்டி, துண்டு கட்டி, மாலை சார்த்தி, கோயில் வாசலிலோ மந்தையிலோ கிடத்துவார்கள். உறவுமுறைக்காரர்கள் மாலையும் கோடித்துணியும் கொண்டுவருவார்கள். பெண்கள் சுற்றி அமர்ந்து ஒப்பாரி வைப்பார்கள். காளையின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிப் பதாகை அரை நாளில் அச்சாகித் தெருமுனைக்கு வந்துவிடும்.

பிறகு கொட்டு முழக்கத்தோடு டிராக்டரில் ஊர்வலம். பல நூறு கிலோ எடையுள்ள உடல் என்பதால் இப்போது ஜேசிபி இயந்திரம் குழி தோண்டுகிறது. பட்டை கட்டி இறக்குவதும் அதுவே. குழிக்குள் கல்லுப்பு, மஞ்சள்தூள், விபூதி இடுவார்கள். மேலே பால் தெளிப்பார்கள். சில ஊர்களில் பதினாறாம் நாள் காரியமும் அன்னதானமும் உண்டு. பின்னாளில் அங்கே மேடை எழும்பிச் சிறு கோயிலாகவும் மாறும். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பின் அது மீண்டதும் இந்த ஊர்வலங்களை முன்னைவிடப் பெரிதாக்கின. கோயில் யானைகளுக்கும் இத்தகைய மரியாதை கிடைப்பதுண்டு. 2022 நவம்பர் 30-இல் இறந்த புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியின் இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் சென்றனர்.

தூக்கியவர்கள் யார்?

இந்த வரலாற்றில் அதிகம் எழுதப்படாத பகுதி ஒன்று உண்டு. தம்பிரான் மாடும் சல்லிக்கட்டுக் காளையும் விதிவிலக்குகள். நோயிலோ முதுமையிலோ இறந்த சாதாரண மாட்டை எந்த ஊரும் மாலை போட்டு அனுப்பியதில்லை. அதை அப்புறப்படுத்துவது தீண்டாமைக்கு ஆளான சமூகங்களின் கட்டாய வேலையாக இருந்தது. அந்தத் தோலில்தான் கமலைக்கும் செருப்புக்கும் கலப்பை வாருக்கும் உரிய பொருள்கள் செய்யப்பட்டன. ஊருக்குத் தோல் வேண்டும். தோலை உரித்தவர் ஊருக்குள் வரக்கூடாது.

1927-இல் மகாராட்டிரத்தின் மகாடு மாநாட்டில், செத்த மாட்டை இழுக்கும் வேலையைக் கைவிடுமாறு அம்பேத்கர் தம் மக்களை அழைத்தார். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டபோது, தீண்டாமையின் பெயரால் ஒருவரைச் செத்த விலங்கை அகற்றவோ தோலுரிக்கவோ கட்டாயப்படுத்துவது குற்றமாயிற்று. 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், பட்டியல் சாதி, பழங்குடியினரை விலங்கின் உடலைச் சுமக்கவோ அகற்றவோ செய்வதை வன்கொடுமை என்றே வரையறுத்தது. அதே ஆண்டு சூலையில் குசராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். அதன்பின் அம்மாநிலத்தில் பலர் அவ்வேலையையே நிறுத்தினர்.

காளை அடக்கத்தை எடைபோடும்போது, மாலைகளை எண்ணுவதைவிட உடலைத் தொட்டுத் தூக்கியவர் யார் என்று பார்ப்பதே பொருத்தம். வளர்த்தவரும் ஊராரும் தாங்களே கழுவி, தாங்களே சுமந்து, தாங்களே மண் தள்ளும் இடங்களில் ஒரு பழைய கோடு அழிகிறது. பறையடிக்கவும் குழி வெட்டவும் மட்டும் ஒரு தெருவிலிருந்து ஆள் அழைக்கும் இடங்களில் அது அப்படியே இருக்கிறது.

வீட்டு விலங்குகளும் நில நெருக்கடியும்

நாய், பூனை, ஆடு ஆகியவற்றைத் தோட்டத்து ஓரத்திலோ தென்னையடியிலோ புதைப்பதே பள்ளத்தாக்கின் பொதுவழக்கம். சொந்த நிலம் இல்லாத வாடகை வீட்டாருக்கு இதுவும் எளிதன்று. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் புதைப்பது முல்லைப் பெரியாற்று நீரைக் குடிக்கும் ஊர்களுக்குக் கேடு. ஆறடிக்குக் குறையாத குழி, மேலே சுண்ணாம்பு, கிணற்றிலிருந்து போதிய தொலைவு ஆகியவை கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வன. அடைப்பான் நோயில் இறந்த மாட்டை அறுக்கவே கூடாது. அக்கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அத்தகைய சாவில், குளிப்பாட்டி ஊர்வலம் விடும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் மருத்துவரை அழைப்பதே முறை.

அடுத்த பட்டம்

பட்டத்துக்காளை மறைந்தால் அதன் இடம் வெறுமையாக விடப்படுவதில்லை. பிரான்சிஸ் பதிவுசெய்துள்ள முறைப்படி, குறித்த நாளில் மந்தை முழுவதையும் கூட்டிச் சூடம் கொளுத்தி, வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் படைத்து, மாடுகளின் முன்னே ஒரு கட்டுக் கரும்பை வைப்பார்கள். மனிதர் எவரும் அப்போது மாட்டைத் தட்டி ஓட்டக்கூடாது. எந்தக் காளை தானாக நடந்து வந்து முதலில் கரும்பை நெருங்குகிறதோ, அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கழுத்தில் மாலை போடுவார்கள்.